கண் திறக்கும் காரும் வல்லை வெளி நாம்பனும்

மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முதலே சொன்னவன். புது லைற் பூட்டினால் அதன் இமை சிக்கும் என்று சொன்னேன். பியூஸ் எரியும் என்று சொன்னேன். உன் கார் கடைசியில் என் கையால்தான் வல்லை வெளியைக் கடக்கும் என்றும் சொன்னேன். இவற்றில் ஒன்றையும் நீ கேட்டதில்லை என்றால், நான் அவற்றை மனதுக்குள் சொன்னதுதான் காரணம். சொன்னது சொன்னதுதான். என் வாக்குப் பலித்த கதைகள் கரவெட்டியிலிருந்து அளவெட்டி வரைக்கும் தெரியும். தெரியாத இடங்களுக்கு நானே போய்ச் சொல்லியிருக்கிறேன்.

உன் சாவை மட்டும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. அது என் கணக்கில் இல்லாத ஒன்று. போன மாரியில் நீ நித்திரையோடு நித்திரையாகப் போய்விட்டாய்.

இன்றைக்குக் காலை உன் வீட்டுக் கொட்டிலில் நின்றேன். நீ போனபிறகு காரை ஒருவரும் தொடவில்லை. மேலே மூடியிருந்த படங்கில் கோழிகள் ஏறிப் படுத்து அதை ஒரு வழி பண்ணியிருந்தன. மழை தொடங்க முதல் காரைக் கரவெட்டிக்குக் கொண்டுவந்து விடும்படி உன் மகள் கேட்டிருக்கிறாள். அப்பாவின் கார் தன் வளவில் நிற்கவேண்டுமாம். கொண்டுவர ஆள் யார்? மாமாதான். அவளுக்கு நான் மாமா, இந்தக் காருக்கு நான் டொக்டர். வேறு யார் கையிலும் அது அடங்காது.

பற்றறியை மாற்றிப் பூட்டிச் சாவியைத் திருகி, லைற் சுவிச்சை அமத்தினேன். வலது கண் எழும்பியது. இடது கண் முனகிக்கொண்டு பாதியில் நின்று, யோசித்து, பிறகு எழும்பியது. அது எழும்பும்போது உள்ளேயிருந்து ஏதோ உருண்டு, பம்பரில் பட்டு, என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. காய்ந்து கறுத்துக் கல்லுப்போல இறுகிய ஒரு எலுமிச்சம்பழம். ஒரு பக்கம் தீய்ந்திருந்தது. எடுத்து மணந்து பார்த்தேன். இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்தக் கருகல் மணம் போகவில்லை, அல்லது என் மூக்கில் இருந்ததுதான் திரும்பி வந்ததோ தெரியாது. அவசரமாகச் சேட்டுப் பைக்குள் போட்டேன். பயத்தில் இல்லை என்று வேறு யாருக்கும் எழுதுவேன். உனக்கு எழுதுகிறேன், ஆகையால் பயம்தான்.

உன் கார் எங்கள் ஊருக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். கொழும்பில் யாரோ வெளிநாடு போகிற அவசரத்தில் விட்டுப்போன பழைய ஜப்பான் கார். சிவப்பு, இரண்டு கதவு, நிலத்தோடு ஒட்டின உயரம். வாழைக்குலை ஏற்ற உழவு இயந்திரம் வாங்கப் போனவன் இதை வாங்கிக்கொண்டு வந்தாய். முன்பக்கத்தில் லைற்றே இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தது. நீ சுவிச்சை அமத்தினாய். பொனற்றின் இரண்டு பக்கத்திலும் இரண்டு மூடி கிளம்பி, கிணற்றுக்குள்ளிருந்து தவளை தலை நீட்டுவதுபோல லைற் இரண்டும் மேலே வந்தன. நீர்வேலிச் சனம் முழுவதும் கூடி நின்று பார்த்தது. அன்றிலிருந்து அதற்குத் தவளைக் கார் என்று பெயர். றோட்டில் தெரிந்தவரைக் கண்டால் நீ கை காட்டமாட்டாய், காரைக் கொண்டு ஒருதரம் கண் விழித்துக் காட்டுவாய்.

உன் மனுசிக்குச் சீதனமாக வந்த கரவெட்டி வீட்டை மகளுக்கே கொடுத்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் தோட்டத்தோடு நீர்வேலியில் இருந்தீர்கள். வெள்ளிக்கிழமைகளில் சந்தை முடித்து, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து, ஒரு வாழைக்குலையோடு மகளிடம் போய்வருவாய். அவள் பிள்ளைத்தாய்ச்சியான பிறகு அந்தப் போக்குவரத்து ஒரு கிழமையும் தவறவில்லை. ஆனால் தோட்ட வேலை முடிய இருட்டுப்படுகிற மம்மல் பொழுதாகிவிடும். அந்த நாட்களில்தான் நீ குறை சொல்லத் தொடங்கினாய்.

"லைற் செத்துப்போச்சு மச்சான். றோட்டுத் தெரியேல்லை. குப்பி விளக்குக் கொண்டுபோற மாதிரிக் கிடக்கு."

நான் ஒருநாள் மாலை காருக்கு முன்னால் போய் நின்று பார்த்தேன். வெளிச்சம் குறைவுதான், ஆனால் குப்பி விளக்கு இல்லை. எனக்கு எதிரில் இருந்த வேலியில் ஒவ்வொரு கிளுவைக் கதியாலும் தெரிந்தது. அப்போதே ஒன்று மனதில் தட்டியது. தட்டியதை நான் திறக்கவில்லை. ஏனென்றால் அதைவிட நல்ல யோசனை ஒன்று வாயில் வந்துவிட்டது.

"எல்.ஈ.டி. பூட்டுவம்," என்றேன். "நான் பூட்டித் தாறன்."

எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கவில்லை, அதுதான் உன் பெருந்தன்மை. நான் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரைதான். ஆனால் அநேகமான வகுப்புகளை இரண்டு தரம் படித்ததால், கூட்டிப் பார்த்தால் பெரிய படிப்புத்தான். கொழும்பில் கராஜ் ஒன்றில் நின்ற காலத்தில், ஒரு ஜப்பான்காரன் என் கைவேலையைப் பார்த்துவிட்டுத் தன்னோடு வரச்சொல்லிக் கெஞ்சினவன். அங்கே புட்டுக் கிடைக்காது என்பதால் நான் போகவில்லை.

பட்டணத்துக்குப் போய் லைற் இரண்டு வாங்கிவந்தோம். பழைய லைற் ஒரு சதுரக் கண்ணாடிப் பெட்டி, எடையே இல்லை. புதியது முதுகில் அலுமினியச் செதில் வைத்த பாரமான சாமான். பெட்டியைத் திறந்தவுடனேயே நான் கண்டுகொண்டேன், இந்தச் சின்ன இமை இந்தப் பெரிய கண்ணைத் தூக்கக் கஷ்டப்படும் என்று. கண்டுகொண்டும் வேலையைத் தொடங்கினேன், கண்டுகொண்டவனே சமாளிப்பான் என்ற நம்பிக்கையில்.

உன் முற்றத்து மாமரத்தின் கீழ் ஒரு பகல் முழுக்க வேலை. செதில் பின்னால் இடித்தது, பிளாஸ்ரிக் சட்டத்தைச் சீவி இடம் எடுத்தேன். வயரை லைற் படுத்திருக்கும்போது அளந்து வெட்டிவிட்டேன், எழும்பும்போது எட்டவில்லை. பிறகு ஒட்டுப்போட்டு நீட்டினேன். லைற்றுக்குத் தனிப் பியூஸ், லைற்றைத் தூக்கும் மோட்டருக்குத் தனிப் பியூஸ் என்று அந்தக் கார் செய்தவன் வைத்திருந்தான். வீண் செலவு என்று தீர்ப்புச் சொல்லி எல்லாவற்றையும் ஒரே பியூஸில் கட்டினேன். நீ எனக்கு ஆணிகளை எடுத்துத் தந்துகொண்டிருந்தாய். தாம்பாளத்தில் கிடந்த ஆணியை நீ பார்த்து எடுக்கவில்லை, உள்ளங்கையால் தடவித்தான் எடுத்தாய். மரத்தின் நிழல் அப்படி என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன்.

உன் மனுசி குசினி வாசலில் நின்று கூப்பிட்டாள். "கண் ஒப்பரேசன் செய்யிற டொக்டர்மார் ரெண்டுபேரும் தேத்தண்ணி குடிச்சிட்டுச் செய்யலாமே. நோயாளி எழும்பி ஓடாது."

"நோயாளி ஓடும் தங்கச்சி, இனித்தான் ஓடும்," என்றேன் நான். நீ பெரிதாகச் சிரித்தாய். சிரித்துக்கொண்டே எழும்பி, தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினாய். கை கோப்பைக்கு ஒரு விரல் தள்ளிப் போய் நின்றது. அவள் கோப்பையை உன் கைக்குள் வைத்தாள். அது வழக்கமாகச் செய்கிற ஒரு காரியம்போல இருந்தது.

பொழுதுபடும் நேரம் கிணற்றுச் சுவரைப் பார்க்கக் காரை நிறுத்தி லைற்றைப் போட்டோம். சுவர் பட்டப்பகல்போல வெளித்தது. சுவரில் ஓடிய எறும்பின் கால்கூட எனக்குத் தெரிந்தது. "எப்பிடி மச்சான்?" என்றேன்.

"நல்ல வெளிச்சம்," என்றாய். ஆனால் நீ சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. என் குரல் வந்த பக்கம் திரும்பிச் சொன்னாய்.

கண் மாற்றின காரைப் பூசை போடாமல் றோட்டில் இறக்கக்கூடாது என்றாள் உன் மனுசி. வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலடிக்குக் கொண்டுபோனோம். வேறு வாகனம் என்றால் ஐயர் லைற்றுக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழ மாலையைப் பம்பரில் கட்டிவிடுவார். உன் காரில் லைற் படுத்திருந்தது. "கண்ணைத் திறக்கச் சொல்லுங்கோ," என்றார் ஐயர். நீ திறந்தாய். அவர் எழும்பி நின்ற இரண்டு லைற்றுக்கும் சந்தனம் பூசி, கழுத்துக்குப் போடுவதுபோல ஒவ்வொன்றுக்கும் எலுமிச்சம்பழ மாலை போட்டார். அழகாகத்தான் இருந்தது, மாப்பிள்ளைத் தோழர் இரண்டு பேர் நிற்பதுபோல. பூசை முடிந்து லைற்றை மூடினபோது மாலைகளும் கூடவே உள்ளே போய்விட்டன.

"கழட்டிப்போட்டு ஓடுவமோ?" என்று நீ கேட்டாய். பூசையில் போட்ட மாலையை அன்றைக்கே கையால் கழற்றினால் தோசம், அது தானாகக் காய்ந்து விழவேண்டும் என்று சொன்னவன் நான். அப்படி ஒரு விதி எங்கே இருக்கிறது என்று ஐயரும் கேட்கவில்லை. நான் உறுதியாகச் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை.

அங்கிருந்து நேரே கரவெட்டிக்கு வெளிக்கிட்டோம். உன் மனுசி வரவில்லை, காருக்குள் பின்சீற்றில் கப்பல் வாழைக்குலைக்குத்தான் இடம். அச்சுவேலிப் பக்கம் கடக்கும்போது வெயில் போய்விட்டது. வல்லை வெளி தொடங்கும் இடத்தில் நீ சுவிச்சை அமத்தினாய்.

அந்த வெளியைப்பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீடு இல்லை, மரம் இல்லை, இரண்டு பக்கமும் கடல்நீரேரி. காற்று காரைப் பிடித்து உலுப்பும். முனியப்பர் கோயிலடியில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்தாமல் போகும் சாரதி குறைவு. பகலில் போனாலே எனக்கு நெஞ்சுக்குள் ஒரு கூச்சம் இருக்கும், இது வெளியே யாருக்கும் தெரியாது.

வலது லைற் எழும்பிப் பால்போல எரிந்தது. இடது லைற் பாதியில் நின்றது. எலுமிச்சம்பழம் ஒன்று மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் இறுகிவிட்டது, அது பிறகுதான் தெரியும். பாதி திறந்த கண்ணின் வெளிச்சம் றோட்டில் விழாமல் பம்பருக்கு முன்னால் விழுந்தது. மோட்டர் விடாமல் முனகிற்று. கொஞ்ச நேரத்தில் ஒரு மணம் வந்தது, சூடான பிளாஸ்ரிக்கும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்து கருகுகிற மணம். நான் வாயைத் திறக்க முதல் எங்கேயோ டிக் என்று ஒரு சத்தம். எல்லாம் அணைந்தது.

லைற் இல்லை. முன்னால் றோட்டு இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டும் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் மினுங்கியது. எங்கே றோட்டு முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்று என் கண்ணுக்கே பிடிபடவில்லை.

நீ பிரேக்கில் கால் வைப்பாய் என்று காத்திருந்தேன்.

நீ கதைத்துக்கொண்டிருந்தாய், மச்சான். மகளுக்கு இதரை வாழைப்பழம் பிடிக்கவில்லையாம், கப்பல்தான் வேணுமாம், தாயும் வயிற்றில் இவளைச் சுமந்தபோது அப்படித்தானாம். கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. உன் குரல் மாறவில்லை, கை மாறவில்லை, ஒரு கண் இமைப்புக்கூட மாறவில்லை. லைற் இருந்த நேரத்துக்கும் இல்லாத நேரத்துக்கும் உனக்கு ஒரு வித்தியாசமும் இருக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தாம்பாளத்து ஆணி, தேத்தண்ணிக் கோப்பை, கிணற்றுச் சுவர். செத்துப்போனது லைற் இல்லை. எத்தனை வெள்ளிக்கிழமை நீ இந்த வெளியை இப்படிக் கடந்திருப்பாய், காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கிறது, ரயருக்குக் கீழே றோட்டு எப்படிச் சத்தம் போடுகிறது என்று நினைவை வைத்துக்கொண்டு. இந்த ஊரில் என்னை ஒருவரும் வாய் அடைத்துப் பார்த்ததில்லை, அன்றைக்கு அடைத்தது.

அந்த நேரம்தான் அதைக் கண்டேன். முனியப்பர் கோயிலுக்கு இங்கால, றோட்டுக்குக் குறுக்கே, வெள்ளை நாம்பன் ஒன்று. அது மாடு என்று சொல்லக்கூடாத உயரம். கொம்பு ஒவ்வொன்றும் என் கை நீளம். திமில் ஒரு நெல்லு மூட்டைபோல.

"மச்சான், மாடு நிக்குது," என்றேன். "வெள்ளை நாம்பன். நிப்பாட்டு."

நீ பிரேக்கை அழுத்தினாய். வாழைக்குலை என் கழுத்தில் வந்து மோதியது. கார் நின்றது. கதவைத் திறந்து இறங்கிப் பார்த்தேன். என் பக்கத்து ரயருக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு ஆள் படுக்க மட்டுமே இடம் இருந்தது.

காற்று மட்டும் கேட்டது. நீ ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடிப் பக்கம் முகத்தை நீட்டினாய். பிறகு சொன்னாய்.

"ஓம். நானும் கண்டனான்."

நான் கையைத் தட்டி நாம்பனைத் துரத்தினேன். துரத்திவிட்டு வந்து, லைற் நின்றுபோனதாகச் சொன்னேன்.

"இப்பதானோ நிண்டது?" என்று கேட்டாய். அவ்வளவு மெதுவாக நீ கதைத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"இப்பதான். நீ பிரேக் அடிச்ச குலுக்கத்திலை."

"அதுதானே பாத்தன்," என்றாய்.

சிக்கின பழத்தைப் பிடுங்கி, கைக்கு அகப்பட்ட மற்றப் பழங்களையும் நூலையும் எடுத்து எறிந்தேன். தோசம் வந்தால் வரட்டும். றேடியோவின் பியூஸைக் கழற்றி இங்கே போட்டேன். வலது கண் மட்டும் எரிந்தது, அது போதும். நான் திரும்பிப் பார்க்கும்போது நீ இறங்கி, பொனற்றின் விளிம்பைத் தடவித் தடவிக் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தாய். என் கதவடியில் வந்து சாவியை நீட்டினாய்.

"நாரி பிடிச்சிட்டுது மச்சான், இடுப்பு நிமிராது. நீ ஓட்டு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் உன் நாரி பிடித்துக்கொண்டது. நானும் ஏன் என்று கேட்கவில்லை. நீ பக்கத்தில் இருந்து, இந்தா பாலம் வருது, இந்தா முனியப்பர் வந்திட்டார் என்று சொல்லிக்கொண்டு வருவாய், காற்றை வைத்துத்தான் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியாததுபோல நானும் ஓம் ஓம் என்பேன். கண் டொக்டரிடம் போவம் என்று ஒருதரம் வாய் தவறிச் சொன்னேன். "கண்ணுக்கு என்ன, நாம்பனைக் கண்ட கண் இது," என்றாய். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

மகள் வீட்டில் நாம்பன் கதையை நான் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் புகுந்து திருத்துவாய். கொம்பு உவன் சொல்லுற அளவு நீளமில்லை, ஆனால் கழுத்திலை மணி இருந்தது, எனக்குச் சத்தம் கேட்டது என்பாய். மணி உன் பங்கு. அதை நான் ஒருபோதும் வைக்கவில்லை. பேத்தி பிறந்து கதை கேட்கிற வயதுக்கு வந்தபோது, நாம்பன் உன்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனதாகவும் ஆகிவிட்டது.

நாளைக்குக் காலை, சூரியன் நன்றாக ஏறினபிறகு, நான் காரைக் கொண்டுபோகிறேன். மம்மலில் போகமாட்டேன், எவ்வளவு வெளிச்சமான லைற் பூட்டினாலும். இன்று விழுந்த எலுமிச்சம்பழம் என் சேட்டுப் பையில் கிடக்கிறது. அந்த இடம் வந்தால் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும், வேறு வாகனத்தில் போகும்போதும் போகிறது, பஸ்ஸில் இருந்தால் முன்சீற்றை மிதிக்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைத் திருத்தாமல் விட்டால் நித்திரை வராது. ஜப்பான்காரன் கதை கிடக்கட்டும், அதை நீ முதலே நம்பவில்லை. நாம்பனைச் சொல்கிறேன். வல்லை வெளியில் அன்றைக்கு நாம்பன் நிற்கவில்லை, மச்சான். மாடே இல்லை. லைற் நின்றுபோனது உனக்குத் தெரியவில்லை என்று உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயில் வந்தது மாடு. நான் கையைத் தட்டித் துரத்தினது வெறும் காற்றை.

அதற்குத்தான் நீ சொன்னாய், நானும் கண்டனான் என்று. அன்றைக்கு என்னைப் பிடித்த பயம் தண்ணீரால் வந்ததில்லை, அந்த ஒரு சொல்லால் வந்தது. நான் பொய் சொன்னதை நீ அறிந்து சொன்னாயா, அறியாமல் சொன்னாயா என்று கேட்கப் பல வெள்ளிக்கிழமைகள் இருந்தன. பக்கத்துச் சீற்றில்தான் இருந்தாய். பயத்தில் கேட்கவில்லை.

நாளைக்குப் பேத்தி என் மடியில் ஏறி நாம்பன் எப்படி இருந்தது என்று கேட்பாள். வெள்ளை என்பேன், கழுத்தில் மணி என்பேன், அதைக் கண்டவர் உன் அம்மப்பா ஒருவர்தான் என்பேன். அதை அப்படியே நம்பட்டும். பக்கத்தில் இருந்த எனக்குத்தான் அது தெரியவில்லை.